நான்கு நிமிடம்

முப்பந்தலில் காற்றாலைகளுக்குக் கீழே
ஆறரை மணிக்கு வேன் நின்றது.
காற்று எங்களை வேலை செய்ய விடவில்லை.
குப்பியில் ஒட்டுமுன்
பதினேழும் பதினெட்டும் பறந்துபோய்
உடைமுள்ளில் மாட்டிக்கொண்டன.
முள்ளை விலக்கி எடுத்து வந்து
எது எதன் எண் என்று
ரெத்தினபாயிடமே கேட்டேன்.
"பதினெட்டு மூளி" என்றாள்.
காதறுந்த ஆட்டுக்கு அதுதான் பெயர்.

கழுத்தில் ரோமத்தை ஒதுக்கிக்
கட்டைவிரலால் அழுத்தினால்
ரத்தக்குழாய் நனைந்த கயிறாகப் புடைக்கும்.
ஊசி இறங்கும்போது ஆடு கத்தாது.
பிடித்த கை தளர்ந்தால்தான் கத்தும்.
நாற்பத்தோர் ஆட்டையும்
முழங்காலிடுக்கில் அவளே பிடித்தாள்.
ஒவ்வொன்றை விட்டு எழும்போதும்
இடுப்பில் கைவைத்து
ஒரு மூச்சு நின்றாள்.

படிவத்தில் கேட்டிருந்தார்கள்:
வயது, ஈற்று, குட்டி வீசியது உண்டா.
ஐப்பசியில் மூன்று என்றாள்.
ராத்திரி, மழை, டார்ச் லைட்டை வாயில் கடித்துக்கொண்டு
மணிக்கட்டுவரை உள்ளே விட்டு
இழுத்துப் போட்டாளாம்.
கையுறையா?
சிரித்தாள்.
கொடியை நாய் கொண்டுபோனது என்றாள்.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

கடைசி ஆடு போனதும்
புடவைத் தலைப்பில் கையைத் துடைத்து
என் முன்னால் நீட்டினாள்.
"எனக்கும் ஒரு குத்து குத்திப் பாரு மக்கா,
அந்தியானா மேலு காயுது.
விடிஞ்சா ஒண்ணும் இல்ல."
டாக்டர் ஷைலா சிரித்தார், நானும் சிரித்தேன்.
பெட்டியில் காலிக் குப்பி ஒன்று இருந்தது.
மனுஷருக்கு நாங்கள் குத்தக்கூடாது.

நாகர்கோவிலில்,
வெள்ளை ஓட்டின் மேல்
சீரம் ஒரு சொட்டு,
ரோஜா நிற மருந்து ஒரு சொட்டு.
பல்குச்சியால் கலக்கிக்
கையில் ஏந்தி ஆட்ட வேண்டும்,
நான்கு நிமிடம்.
நோயில்லாதது
கடைசிவரை ஒரே நிறமாய்க் கிடக்கும்.
மற்றது திரியும்,
எலுமிச்சை விழுந்த பாலைப் போல,
விளிம்பிலிருந்து.

பதினொன்று திரிந்தன.
பதினெட்டு முதல் நிமிடத்திலேயே.

அதைச் சொல்லத்தான் மறுபடி போனேன்.
வடசேரி தரகர் சாகுல்
டெம்போவின் பின்கதவை இறக்கிவைத்து
நின்றுகொண்டிருந்தார்.
விற்கக்கூடாது என்றேன்.
தனியே கட்ட வேண்டும்,
பாலைக் காய்ச்சாமல் யாரும் தொடக்கூடாது,
ஈனும்போது வெறுங்கையால் பிடிக்கக்கூடாது.
"யாரு காசு தருவா?"
அதற்கும் கட்டம் இல்லை.
சாகுல் கதவை ஏற்றிக்கொண்டார்.
பேச்சு கொடுக்கவில்லை.

"காத்து மாத்தி ஒட்டியிருக்கும்,"
மூளியின் கழுத்தை வளைத்துக்கொண்டு சொன்னாள்,
"அன்னைக்கு நீயே பாத்தல்லா."
பார்த்தேன்தான்.
இன்னொரு முறை எடுத்தேன்.
இம்முறை மூளிக்கு மட்டும்.
குப்பியைச் சட்டைப் பைக்குள் போட்டுப்
பித்தானும் மாட்டினேன்.
அதுவும் திரிந்தது.

ஆறு மாதமாக அவளுக்கு
மலேரியா பார்த்திருக்கிறார்கள், இல்லை.
டைபாய்டு இல்லை. டெங்கு இல்லை.
மூட்டுவலிக்கு வெள்ளை மாத்திரை,
காய்ச்சலுக்கு அதே வெள்ளை மாத்திரை.
என்ன வேலை என்று கேட்டார்களா?
"வீட்டில சும்மா இருக்கேன்னு சொன்னேன்.
ஆடு மேய்க்கதெல்லாம் ஒரு வேலையா?"

ஆசாரிபள்ளத்துக்குப் போகச் சொன்னேன்.
நாற்பத்தோர் ஆட்டை யார் பார்ப்பது என்றாள்.
மகன் லாரன்ஸ் திங்கள்கிழமை வருவான் என்றாள்.
வந்தானோ தெரியாது.

நோய்ப் பெயர் எழுத எனக்கு அதிகாரம் இல்லை.
பழைய படிவம் ஒன்றைக் கிழித்து
அதன் பின்பக்கத்தில்
காற்று பறித்துவிடாதபடி
முழங்காலில் வைத்து எழுதிக் கொடுத்தேன்,
எந்த டாக்டர் இருந்தாலும் நீட்டச் சொல்லி:

ஐயா,
இவர் ஆடு வளர்ப்பவர்.